நாக்கின் அடியில் ஒரு நூல்

டாக்டர் அக்காவின் பூனை சீனியை ஸ்டீல் மேசையில் உட்கார வைத்து அதன் வாயைத் திறந்தார். கீழ்த்தாடைக்கு அடியில், இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தென்று இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்தினார். நாக்கு எழும்பியது. டார்ச்சை என்னிடம் கொடுத்து, "நாக்குக்கு அடியில அடிங்க" என்றார். இளஞ்சிவப்புச் சதைதான் தெரிந்தது. வெளிச்சத்தைக் கொஞ்சம் சாய்த்ததும், அந்தச் சதைக்கு நடுவே அரக்கு நிறத்தில் மயிரிழை போல ஒரு கோடு. தையல் நூல். நாக்கின் வேரில் கண்ணி போட்டாற்போல் மாட்டியிருந்தது. இரண்டு முனையும் தொண்டைக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தன. கண்ணி விழுந்த இடத்தில் சதை அறுபட்டு, நூல் பாதி புதைந்திருந்தது.

அக்கா வீட்டு முன்னறையில் தையல் மெஷின் இருக்கிறது. தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். சீனிக்கு மூன்று வயது, மெஷினின் மிதிபலகைதான் அதன் பகல்நேரப் படுக்கை. முதல் நாள் வாந்தி எடுத்தபோது, முடி உருண்டையைக் கக்குகிறது என்று அக்கா விட்டுவிட்டாள். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார் என்று அரை ஸ்பூன் விளக்கெண்ணெய் புகட்டினாள். மூன்றாம் நாள் காலையில் சீனி கட்டிலுக்கு அடியில் மூலையோடு மூலையாக, முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கருவாட்டைக் காட்டியும் வரவில்லை. அப்புறம்தான் எனக்குப் போன் செய்தாள்.

"வாயிலயோ பின்பக்கமோ நூல் தெரிஞ்சு இழுத்தீங்களாம்மா?" என்று டாக்டர் அக்காவிடம் கேட்டார்.

"இல்லைங்க டாக்டர். நூலு இருக்குன்னே தெரியாது."

"நல்லவேளை."

அது ஏன் நல்லவேளை என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டபோது, நாயும் பூனையும் வளர்க்கிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆணி, கண்ணாடி, எலும்பு என்று கூரான பொருள்களைக் கண்டுதான் நாம் பயப்படுகிறோம். பூனையைப் பொறுத்தவரை ஒரு முழம் நூல் அவற்றுக்குச் சற்றும் குறைந்ததல்ல. அந்த நூலுக்கு அறுக்கும் சக்தியைக் கொடுப்பதோ பூனையின் குடலேதான்.

முதலில் நாக்கு. பூனை நம் கையை நக்கும்போது உப்புத்தாள் தேய்ப்பது போல இருக்கும் அல்லவா? அதன் நாக்கு முழுக்கக் குட்டிக் குட்டி முட்கள். நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. எல்லாமே தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கும். 2018இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும், வீட்டுப் பூனையிலிருந்து சிங்கம், புலி வரை ஆறு இனங்களின் நாக்கைப் பரிசோதித்து, இந்த முட்களின் நுனி அகப்பை போலக் குழிந்திருப்பதைக் காட்டினார்கள். அந்தக் குழி எச்சிலை மொண்டு ரோமத்தின் அடிவரை கொண்டுசேர்க்கிறது. பூனை தன்னைத்தானே குளிப்பாட்டிக்கொள்வது இப்படித்தான். ரோமத்தைச் சிக்கெடுக்க அருமையான சீப்பு அது. ஆனால் அதில் ஒரு நூல் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியில்லை. பூனைக்கு நம்மைப்போல் துப்ப வராது, விரல் விட்டு எடுக்கவும் முடியாது. உதற உதற, நாக்கு அசையும் ஒவ்வொரு முறையும் நூல் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். கடைசியில் விழுங்குவது ஒன்றுதான் வழி.

நூல் என்றால் தையல் நூல் மட்டுமில்லை. பூ வாடியதும் குப்பைக்கூடையில் போடும் மல்லிகைச் சரத்தின் நூல், கறிக்கடைப் பொட்டலத்தைக் கட்டிய சணல், காற்றாடி நூல், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் சரிகை, பாவாடை நாடா, ரிப்பன், பழைய பாயில் பிரிந்துவரும் பிளாஸ்டிக் இழை. கறிக்கடைச் சணலில் ரத்த வாடை இருக்கும். அதை விழுங்கப் பூனைக்கு விளையாட்டுக் குணம்கூட வேண்டியதில்லை, பசியே போதும்.

இனி குடல். 1899இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் நாயின் சிறுகுடலை வைத்து ஒரு விதியைக் கண்டுசொன்னார்கள். இருவரும் மைத்துனர்கள், ஸ்டார்லிங்கின் தங்கையைத்தான் பேலிஸ் மணந்திருந்தார். குடலுக்குள் ஓரிடத்தில் ஏதாவது பட்டால், அந்த இடத்துக்கு மேலே குடல் சுருங்கும், கீழே தளரும். அதனால் உள்ளே இருப்பது எப்போதும் கீழ்நோக்கித்தான் நகரும். இதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. குடல் சுவருக்குள்ளேயே இருக்கும் நரம்புகள் பார்த்துக்கொள்கின்றன. நாம் தூங்கும்போதும் இந்த அலை நடந்துகொண்டே இருக்கிறது.

சோற்றுக்கும் மீனுக்கும் இது சரி. விழுங்கிய நூலின் ஒரு பக்கம் நாக்கின் வேரிலோ, இரைப்பையின் கீழ்வாயிலோ மாட்டிக்கொண்டுவிட்டால்? மறுபக்கம் குடலுக்குள் இறங்குகிறது. குடலுக்கு அது ஒரு கவளம்தான். மேலே சுருங்கி, கீழே தளர்ந்து தள்ளுகிறது. நூல் நகரவில்லை. மறுபடி தள்ளுகிறது. நூல் வராத இடத்தில் குடல் நூலின் மேல் ஏறி வருகிறது.

பாவாடைக்கு நாடா கோத்தவர்களுக்கு இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. நாடாவின் முனையை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் துணியைத் தள்ளினால், ஒரு கஜத் துணியும் சுருங்கிச் சுருங்கி ஒரு சாண் கொசுவமாகிவிடும். பூனையின் சிறுகுடல் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். அது நூலின்மேல் அப்படித்தான் கொசுவி நிற்கிறது. நூலோ விறைத்து, கொசுவத்தின் உள்வளைவுகளில் அழுந்துகிறது. அந்த உள்வளைவுப் பக்கம்தான் குடலை முதுகோடு பிணைக்கும் மெல்லிய சவ்வு வந்து சேர்கிறது, ரத்தக் குழாய்களும் அதன் வழியாகவே வருகின்றன. நிமிடத்துக்குப் பல தடவை வரும் ஒவ்வொரு அலையும் ரம்பத்தை ஒரு இழுப்பு இழுப்பதற்குச் சமம். முதலில் சிராய்ப்பு, பிறகு பள்ளம், பிறகு ஓட்டை. பல சமயம் வரிசையாகப் பல ஓட்டைகள். குடலில் உள்ள கிருமிகள் வயிற்றறைக்குள் கொட்டினால் உயிரைக் காப்பாற்றுவது மிகக் கஷ்டம்.

டாக்டர் சொன்ன 'நல்லவேளை' இதற்குத்தான். ஆசனவாயில் ஒரு விரல் நீளம் நூல் தொங்கினால் யாருக்கும் இழுத்துவிடத் தோன்றும். உள்ளே மறுமுனை எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் இழுப்பது, குடல் மெதுவாகச் செய்துகொண்டிருந்த அறுப்பை ஒரே இழுப்பில் செய்து முடிப்பது. வாயில் தெரியும் நூலை வெட்டுவதும் நம் வேலையில்லை. வெட்டிய முனை உள்ளே போய்விட்டால் டாக்டருக்கு அடையாளம் இல்லாமல் போகும்.

அக்கா கொடுத்த அரை ஸ்பூன் விளக்கெண்ணெயையும் சொல்லியாக வேண்டும். அவள் அன்பாகத்தான் கொடுத்தாள். விளக்கெண்ணெய் குடலுக்குள் போனதும் அதிலிருந்து பிரியும் ரிசினோலிக் அமிலம் குடல் தசையை உசுப்பிவிடுகிறது. மலச்சிக்கலுக்கு அது மருந்தாவது அதனால்தான். நூல் மாட்டிய குடலில் அது ரம்பத்தை வேகமாக இழுக்கச் சொல்வதாகிவிடும்.

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. நூல் கோக்காத வெறும் ஊசியைப் பூனை விழுங்கினால், பல சமயம் அது காயமில்லாமல் வெளியே வந்துவிடுகிறது. கூர்முனை பட்ட இடத்தில் குடல் சுவர் பின்வாங்கிக் குழிந்துகொடுக்கும், ஊசி மெல்லத் திரும்பி மொட்டை முனை முன்னால் போகும். எப்போதும் இப்படி நடக்கும் என்று நம்பிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. தொண்டையிலோ அண்ணத்திலோ குத்தி நிற்கும் ஊசிகளும் உண்டு. ஆனாலும் கூரிய ஊசிக்கே விலகி வழிவிடத் தெரிந்த குடல், மெத்தென்ற நூலிடம் ஏமாந்துபோகிறது என்பது என்னை மிகவும் பாதித்த விஷயம்.

சீனிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் நூல் தெரியவில்லை.

விழுங்கிய பொருளை எக்ஸ்ரேயில் பார்க்கும் கலையின் தொடக்க நாள்களில் ஒரு நாய்க்கும் இடம் உண்டு. ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த மறு ஆண்டு, 1896 டிசம்பரில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்த வால்டர் கேனன் ஒரு நாயைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, முத்துச்சிப்பிப் பொத்தான் ஒன்றை விழுங்கவைத்தார். பொத்தானின் நிழல் உணவுக்குழாயில் இறங்குவது திரையில் தெரிந்தது. பிறகு பிஸ்மத் உப்பைக் கலந்த உணவைப் பூனைகளுக்குக் கொடுத்து, இரைப்பையின் அலைகளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டாலோ கோபப்பட்டாலோ அலைகள் சட்டென்று நின்றுபோவதைக் கவனித்தார். பயம் உடம்பை என்னவெல்லாம் செய்கிறது என்ற அவருடைய பிற்கால ஆராய்ச்சிகள் அத்தனைக்கும் அதுதான் விதை. ஆஸ்பத்திரியில் பயத்தில் உறைந்து உட்கார்ந்திருந்த சீனியின் வயிற்றிலும் அந்தக் கொஞ்ச நேரம் அலை ஓய்ந்திருக்கும் என்று நினைத்து நான் ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

சிப்பிப் பொத்தான், எலும்பு, கல், உலோகம் எல்லாம் எக்ஸ்ரேயை மறிக்கும், அதனால் வெள்ளையாகத் தெரியும். நூல், துணி, பெரும்பாலான பிளாஸ்டிக் எதுவும் மறிக்காது. 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்றால் வயிற்றில் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. அனுபவமுள்ள கண் வேறொன்றைத் தேடும். கொசுவிய குடலில் காற்று நீளக் குழாயாக நிற்காது, மடிப்புக்கு மடிப்பு சின்னச் சின்னதாக, ஒரு பக்கம் கூம்பிய குமிழ்களாகச் சிக்கிக்கொள்ளும். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "கமா போட்ட மாதிரி இருக்கு பாருங்க" என்று நான்கைந்து இடங்களைத் தொட்டுக் காட்டினார். ஸ்கேனும் அதையே சொன்னது. அன்று மதியமே ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

நாயின் கதை வேறு. அது முழுசாக விழுங்கும் சாதி. கூட்டமாக வேட்டையாடி, அடுத்தது பிடுங்குவதற்குள் கவ்வியதை உள்ளே தள்ளிய ஓநாயின் வாரிசு. மாம்பழக் காலத்தில் நம் ஊர் நாய்களுக்கு மாங்கொட்டை எமன். சாறு ஒட்டிய கொட்டை வழவழவென்று தொண்டையில் இறங்கிவிடும். இரைப்பையில் அது நாள்கணக்கில், ஏன், வாரக்கணக்கில்கூடக் கிடக்கலாம். நாய் சாப்பிடும், வாலாட்டும், எப்போதாவது வாந்தி எடுக்கும். ஒருநாள் கொட்டை கீழ்வாய் வழியாகச் சிறுகுடலுக்குள் நுழைந்து இறுகிவிடும்.

அதன் பிறகு நடப்பது நேர்க்கணக்கு. அடைப்புக்கு மேலே காற்றும் நீரும் தேங்கிக் குடல் பலூனாகிறது. சுவர் விரிய விரிய, அதில் ஓடும் மெல்லிய சிரைகள் முதலில் நசுங்கும். ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. சுவர் வீங்கிக் கன்றிக் கறுத்து, கடைசியில் அழுகுகிறது. இன்னொரு பக்கம் ஓயாத வாந்தியில் நீரும் உப்புகளும் போய் நாய் வற்றிப்போகிறது. சில நாய்கள் முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்கும். சோம்பல் முறிக்கிறது என்று நினைத்துவிடுவோம். திரும்பத் திரும்ப அப்படி நின்றால் அது வயிற்று வலி.

லாப்ரடார் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சேதி சொல்லும் வேலையில் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. சேதி சரியாகப் போய்ச்சேராத நாய் எந்நேரமும் பசியோடு அலைகிறது. சாக்ஸ், குழந்தையின் ஜட்டி, பாத்திரம் துலக்கும் பஞ்சு, குப்பைத்தொட்டியில் கிடக்கும் நாப்கின் எல்லாம் அதற்கு மணக்கிறது. நாப்கின் தனி ஆபத்து. ஈரத்தை உறிஞ்சி உப்புவதற்கென்றே செய்யப்பட்டது அது, நாயின் வயிற்றிலும் உப்பத்தான் செய்யும். இத்தனை தின்றும் அடங்காத நாயைப் 'பேராசை பிடிச்சது' என்று அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அது பிறவியிலேயே வந்த பசி.

மணிக்கணக்கில்கூடக் காத்திருக்க முடியாத ஒரு பொருள் உண்டு: பொத்தான் பேட்டரி. ரிமோட்டிலும் எடைக்கருவியிலும் விளக்கு எரியும் பொம்மையிலும் இருக்குமே, சி.ஆர். 2032 என்று எழுதிய வட்ட வில்லை, அதேதான். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அந்த எண்ணின் பொருளே அதுதான். அது உணவுக்குழாயில் நின்றுவிட்டால், ஈரச் சதை இரண்டு துருவங்களையும் இணைத்து மின்சாரம் பாய வழிசெய்கிறது. எதிர்மின் துருவம் தொட்ட இடத்தில் நீர் பிரிந்து ஹைட்ராக்சைடு உண்டாகிறது. சலவைச் சோடாவைவிடப் பலமடங்கு காரமான அது சதையைக் கரைக்கிறது. பேட்டரி உடையவும் வேண்டாம், கசியவும் வேண்டாம். புண் நிமிடங்களில் தொடங்கி, 2 மணி நேரத்துக்குள் குழாயைத் துளைக்கும் அளவுக்கு ஆழமாகிவிடக்கூடும். கடிகாரத்தை ஓட்டத் தெம்பில்லாத பழைய பேட்டரிக்கும் இதைச் செய்யத் தெம்பு இருக்கும். வாந்தி எடுக்கவைக்க முயலவே கூடாது. பேட்டரி மறுபடி அந்தக் குழாய் வழியாகத்தானே வர வேண்டும்?

காந்தத்தில் ஒரு விசித்திரம். ஒரே ஒரு சின்னக் காந்தம் குடலைக் கடந்து போய்விடலாம். இரண்டை வெவ்வேறு நேரத்தில் விழுங்கிவிட்டால், பக்கத்துப் பக்கத்துக் குடல் மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் மாட்டிய இரண்டு சுவர்களுக்கும் ரத்தம் நின்று, அங்கே ஓட்டை விழும். அதே காந்தம் பசுவுக்கு மருந்து. பசு மென்று பார்க்காமல் வைக்கோலோடு ஆணியையும் கம்பியையும் விழுங்கிவிடும். கனமான அவை தேன்கூடு போன்ற இரண்டாம் இரைப்பையில் போய் விழும். அதற்கு முன்னால் உதரவிதானம், அதைத் தாண்டினால் இதயம். இரைப்பை சுருங்கும்போது கம்பி முன்னோக்கிக் குத்தி இதயம்வரை போய்விடும். பல நாடுகளில் பண்ணையாளர்கள் பசுவுக்கு விரல் நீளக் காந்தம் ஒன்றைப் புகட்டிவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் அந்தப் பையிலேயே கிடந்து, வரும் ஆணிகளை எல்லாம் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்கிறது.

பிளாஸ்டிக்கைப் பிடித்துவைக்கக் காந்தம் உதவாது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில், திருமுல்லைவாயிலிலிருந்து கொண்டுவந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்த ஆண்டும் அதுதான். பசுவின் முன்வயிற்றிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் வழியில் நன்றாக அரைபட்ட துணுக்குதான் நுழையும். அரைபடாத பை வருஷக்கணக்கில் அங்கேயே தங்கி, அடுத்த பையோடு முறுக்கிக்கொண்டு வளரும். வயிறு நிறைந்த உணர்வோடு பசு பட்டினி கிடந்து மெலியும். எச்சில் சோற்றைப் பையில் முடிந்து தெருவில் போடுவதை நான் நிறுத்தியது அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான்.

வீட்டு வைத்தியம் செய்யத் துடிக்கும் கை எனக்குப் புரிகிறது. மீன்முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கு என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நாய்க்கும் அதையே செய்யத் தோன்றும். ஆனால் வயிறு நிறைந்திருந்தால் மயக்கமருந்து கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு, அதனால் டாக்டர் கை கட்டப்பட்டுவிடும். உப்புத் தண்ணீர் புகட்டுவது அதைவிட மோசம். ரத்தத்தில் உப்பு ஏறி, மூளையின் செல்கள் நீரிழந்து வலிப்பு வந்துவிடும். விழுங்கியதைக் கண்ணால் பார்த்திருந்தால், அதே மாதிரிப் பொருள் இன்னொன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே போய்விட வேண்டும். பார்க்கவில்லை, ஆனால் வாந்தி ஓயவில்லை, தின்ன மறுக்கிறது, எச்சில் ஒழுகுகிறது, கூனி உட்காருகிறது என்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். வாந்தி நின்றதும் சரியாகிவிட்டது என்றும் நம்பாதீர்கள். கக்கத் தெம்பில்லாமலும் நிற்கும்.

சீனியின் ஆபரேஷன் இரண்டு மணி நேரம் நடந்தது. முதலில் நாக்கின் அடியில் இருந்த கண்ணியை வெட்டினார்களாம். பிறகு வயிற்றைத் திறந்து, குடலில் மூன்று இடங்களில் சின்னதாகக் கீறி, நூலைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். ஒரே இடத்தில் கீறி முழுசாக இழுத்தால் அதுவும் அறுத்துவிடும் என்பதால் அப்படி. "ஒவ்வொரு துண்டா எடுக்க எடுக்க, மடிப்பு தானா பிரிஞ்சுது. ரெண்டு எடம் நல்லா கன்றியிருந்துச்சு. ஓட்டை விழலை" என்றார் டாக்டர். கிண்ணத்தில் கிடந்த துண்டுகளைப் பஞ்சின்மேல் வரிசையாக வைத்துக் காட்டினார். சேர்த்துப் பார்த்தால் ஒரு முழத்துக்குமேல் இருக்கும். அக்கா நிறத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள். தபால்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தைத்த அரக்கு ரவிக்கை. ஓரம் அடித்து, பல்லால் கடித்து அறுத்துக் கீழே போட்ட நூல்.

குடலில் போட்ட தையல் பிரிந்து கசிவதென்றால் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில்தான் நடக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அக்கா நான்கு நாள் மெஷினைத் தொடவில்லை. வேகவைத்த கோழியை நூல் நூலாகப் பிய்த்து, ஒரு தேக்கரண்டி அளவு இரண்டு மணிக்கொரு தரம் ஊட்டினாள். இரவில் எழுந்து எழுந்து மூக்கருகே கைவைத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் விடியற்காலை என் போன் அடித்தது. எடுப்பதற்குள் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

"தம்பி," என்றாள் அக்கா, "மணல் தட்டைப் பாத்தேன். சீனி வெளிக்குப் போயிருக்காடா."